மூன்று வினாத்தாள்கள்

2009இல் எம்.ஃபில். ஆய்வேட்டுக்காக விடுதி மாணவிகள் 60 பேரை எடுத்துக்கொண்டேன். சீட்டுக் குலுக்கி முப்பது முப்பதாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் இரண்டு வாரம் தினமும் காலையில் பத்து நிமிட மூச்சுப் பயிற்சி. முடிந்ததும் இரண்டு குழுவுக்கும் தேர்வுப் பதற்றம், தூக்கம், கவனம், நினைவாற்றல், தன்னம்பிக்கை என்று ஐந்து அளவீடுகள். பயிற்சி எடுத்தவர்களுக்குப் பதற்றம் குறைவாக இருக்கும் என்பது என் கருதுகோள். அது பலிக்க வேண்டும் என்று மனதார ஆசைப்பட்டேன். பரீட்சை என்றாலே கை நடுங்கிப் படித்து வந்தவள் நான்.

துறைக் கணினியில் எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் அட்டவணையைக் காட்டியது. பி மதிப்பு 0.09. 0.05க்குக் கீழே வந்தால்தான் எங்கள் பேச்சில் ‘சிக்னிஃபிகன்ட்’. கைடு எட்டிப் பார்த்து, “என்னம்மா, வந்துடுச்சா?” என்றார். “இன்னும் வரல சார்” என்றேன். டேட்டா எடுத்தாயிற்று, விடையும் கண்முன் இருக்கிறது. அதற்குப் பிறகும் ‘இன்னும்’ என்று என்னால் சொல்ல முடிந்தது.

அன்று மாலை வினாத்தாள் கட்டைப் பிரித்தேன். பயிற்சிக் குழுவில் பதற்றம் மிக அதிகமாக இருந்தவர்களின் தாள்களை மட்டும் உருவினேன். ஒருத்தி தாளின் ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்தில், “அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்” என்று எழுதியிருந்தாள். இன்னொருத்தி இரண்டு கேள்விகளை விட்டிருந்தாள். மூன்றாமவள் முதலிலிருந்து கடைசி வரை ஒரே கட்டத்தில் டிக் அடித்திருந்தாள். மூவரையும் நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினேன். 0.04.

அவர்களை நீக்க நான் சொன்ன காரணம் எதுவும் பொய் இல்லை. ஆனால் அடுத்த குழுவின் முப்பது தாள்களை நான் புரட்டவே இல்லை. அங்கே யாருடைய அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தாரோ, யார் இரண்டு கேள்விகளை விட்டாளோ, நான் பார்க்கவில்லை. என் முடிவுக்கு இடைஞ்சலாக இருந்த துக்கம் மட்டுமே என் கண்ணில் பட்டது. மற்ற நான்கு அளவீடுகளிலும் ஒன்றும் வராததால் அவற்றை ஆய்வேட்டில் சேர்க்கவில்லை. வைவா நன்றாகவே முடிந்தது.

பி மதிப்பு சொல்வது இவ்வளவுதான்: பயிற்சியால் உண்மையில் எந்த மாற்றமும் இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு வித்தியாசமோ இதைவிடப் பெரிய வித்தியாசமோ தற்செயலாகத் தென்பட எவ்வளவு வாய்ப்பு? கருதுகோள் உண்மையாக இருக்க 95 விழுக்காடு வாய்ப்பு என்று பாடம் நடத்துகிறவர்களும் உண்டு. அது தவறு. முன்கூட்டியே தீர்மானித்த ஒரு சோதனையைத் தீர்மானித்தபடியே செய்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். ஒன்றையொன்று சாராத ஐந்து அளவீடுகளைச் சோதித்தால், எதிலுமே மாற்றம் இல்லாதபோதும் ஏதோ ஒன்று 0.05க்குக் கீழே விழ ஏறக்குறைய 23 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அதற்கு மேல் ஆட்களையும் நீக்கினால்?

சில ஆண்டுகள் கழித்து ஒரு மாணவி என் ஆய்வை 140 பேரிடம் திரும்பச் செய்தாள். எந்த வித்தியாசமும் இல்லை. அட்டவணைகளை நீட்டி, “மேடம், உங்களுக்கு வந்தது எனக்கு வரல. நான் எங்க தப்புப் பண்ணேன்?” என்றாள். அழுதிருந்த முகம். “பயிற்சியைச் சரியாக் குடுத்தியா?” என்று கேட்டேன். ஆய்வேட்டில் நான் செய்ததைவிட இந்தக் கேள்விதான் பெரிய பாவம்.

அந்த வாரம்தான் சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சன் மூவரும் 2011இல் எழுதிய கட்டுரையைப் படித்தேன். பீட்டில்ஸ் பாட்டு ஒன்றைக் கேட்டவர்களுக்கு வயது ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு குறைந்துவிட்டதாக, ஓர் எண்ணைக்கூடப் பொய்யாக எழுதாமல், அவர்கள் காட்டியிருந்தார்கள். நடக்கவே முடியாத ஒன்று ‘சிக்னிஃபிகன்ட்’. எத்தனை பேரிடம் எடுப்பது, எதை அளப்பது, எதை வெளியிடுவது என்பதையெல்லாம் டேட்டாவைப் பார்த்த பின் தீர்மானித்தால் போதும். 2015இல் உளவியல் ஆய்வுகள் 100ஐத் திரும்பச் செய்து பார்த்தபோது, முதலில் 97 விழுக்காடு ‘சிக்னிஃபிகன்ட்’ ஆக இருந்தவை 36 விழுக்காட்டுக்கு இறங்கின. அந்தப் பள்ளத்தில் என்னைப் போன்றவர்களுக்கும் பங்கு உண்டு.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “அப்போ என்னோடது சரிதானே மேடம்?” என்றாள். “சரிதான்” என்றேன். வித்தியாசம் இல்லை என்றே எழுதிச் சமர்ப்பித்தாள்.

புராஜெக்ட் செய்யப்போகும் பிள்ளைகளே, முதல் வினாத்தாளைக் கொடுக்கும் முன்பே கருதுகோள் என்ன, எத்தனை பேர், எந்தச் சோதனை, எப்படிப்பட்ட தாளை நீக்குவீர்கள் என்று ஒரு பக்கம் எழுதித் தேதி போட்டுக் கைடிடம் கையெழுத்து வாங்குங்கள். ஓப்பன் சயின்ஸ் ஃபிரேம்வொர்க் தளத்தில் இலவசமாகப் பதியவும் செய்யலாம். வராத முடிவை வரவில்லை என்றே எழுதுங்கள். உங்கள் ஆய்வை நம்பி இன்னொரு பிள்ளை 140 பேரிடம் வினாத்தாள் நீட்டப் போகிறாள்.