தாய்வழி வந்த சாவு

வாடினையே, மக்காச்சோளமே! 1970-ஆம் ஆண்டு அமெரிக்க நிலமெங்கும் ஆளுயரம் ஓங்கி நின்ற நீ, அறுவடைக்கு முன்னரே கருகிச் சாய்ந்தனையே! ஃபுளோரிடாவில் தலைகாட்டிய பூஞ்சை ஈரக்காற்றேறி வடக்கே படர்ந்தது. கோடை கழியுமுன் இல்லினாய், அயோவா வயல்களையும் எட்டியது. முதலில் இலையில் இருமுனையும் கூம்பிய பழுப்புப் புள்ளி. பிறகு தண்டில் ஏறிற்று, மடலுள் நுழைந்தது, பால் பிடித்த மணிகளை அழுகச் செய்தது. நாட்டின் விளைச்சலில் ஏறத்தாழ 15 விழுக்காடு அழிந்தது. தெற்கே பல வயல்களில் அரிவாளுக்கு வேலையே இல்லை.

யாரை நோவேன்? பகைவன் நுழைந்த வாயில் உன் உயிரணுவுக்குள்ளேயே இருந்ததே!

மூச்சை ஆற்றலாக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி டி.என்.ஏ. உண்டு. மாந்தர்க்கு அது 16,569 எழுத்து. உன் குலத்துக்கோ ஐந்து இலட்சத்தையும் கடந்தது. அங்கே இழை அறுந்தால், ஒத்த படியொன்றை அருகில் கொண்டு, அதைப் பார்த்தே அறுந்த இடத்தை எழுதி நிரப்புவது செடிகொடிகளின் வழக்கம். அதனால்தான் அவற்றின் மைட்டோகாண்ட்ரிய மரபணுக்களில் எழுத்துப் பிழை அத்துணை அரிது. என்னே அச்செம்மை! ஆயினும், வேறோர் இடத்துக் குறுந்துண்டு ஒத்ததுபோல் தோன்றி மயக்கினால், எழுத்து பிழையாமலே இழை இடம் மாறிப் பொருந்திவிடும். எம்.எஸ்.எச்.1 என்னும் புரதம் அம்மயக்கத்தைத் தடுத்துக் காவல் நிற்பது. அக்காவல் இருந்தும், உன் முன்னோள் ஒருத்தியிடம் ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுவின் சிதறல்கள் இடம் மாறி ஒட்டின. முன்னெங்கும் இல்லாத மரபணு பிறந்தது: டி-யூஆர்எஃப்13. அதன் புரதம் 115 அமினோ அமிலமே நீளம்.

அது மகரந்தத்துக்கு ஊட்டும் உயிரணுக்களைக் கொன்றது; ஆண்பூ மலடாயிற்று. அப்போதே அது ஒழிந்திருக்கலாகாதா? ஒழியாது. மைட்டோகாண்ட்ரியா தாயின் சூல்வழியே செல்வது. மகரந்தம் மாண்டாலும் அதன் வழி அடைபடுவதில்லை.

டெக்சாசில் கண்ட அம்மலட்டை விதை வணிகர் வரமென்று கொண்டாடினர். கலப்பின விதைக்கென வெயிலில் வரிசை வரிசையாய் நடந்து ஆண்பூங்கொத்தை ஒடிக்கும் கூலி மிச்சமாயிற்றே! 1970-இல் நாட்டின் மக்காச்சோளத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடு அந்த ஒருத்தியின் வழித்தோன்றல். இவ்வழிச் செடி இந்நோய்க்கு எளிதில் இரையாகிறது என்று பிலிப்பைன்சிலிருந்து 1961-லேயே எழுதினர். ஒன்பது ஆண்டு! அச்சொல்லுக்குச் செவி கொடுத்திருந்தால் இவ்வயல்கள் பிழைத்திருக்கும். ஆறவில்லை என் நெஞ்சு.

பூஞ்சையின் நஞ்சு அச்சிறு புரதத்தைப் பற்றியதும், மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் துளை திறந்தது, உள்ளிருந்தவை கசிந்தன, மூச்சு நின்றது. இந்நஞ்சு, அப்புரதம் இல்லாத உன் உடன்பிறப்புகளை அவ்வாறு தீண்டவில்லை. மாற்றார் அம்புக்கென்றே மார்பில் குறியிட்டு உன்னைப் பெற்றாளோ உன் தாய்!

பின்னர் பழைய தாய்வழி விதையைத் தேடிப் பெருக்கினர். கோடைதோறும் ஆள் விட்டு ஆண்பூங்கொத்தை மீண்டும் ஒடித்தனர். டெக்சாஸ் வழியினளே, உன்னைப் பெருவயலில் விதைக்கும் வழக்கத்தை விரைவில் கைவிட்டனர்.