நோத்ர-டாம்-த-கிரேஸிலிருந்து பலாலிக்கு

1987 ஆம் ஆண்டு நாம் மிராபெல் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது, எமது ஆசனங்கள் விமானத்தின் கடைசி வரிசையில், கழிப்பறைக்குப் பக்கத்தில் இருந்தன. தூரத்தில், முன்பக்கம் ஒரு திரை தொங்கியது. அதற்கு அப்பால் யார் இருக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று அறியும் ஆவல் அன்று எமக்கு இருக்கவில்லை. இறங்கியதும் அதிகாரியிடம் என்ன சொல்வது என்பதே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. 32 வருடங்களின் பின், 2019 நவம்பரில், அந்தத் திரைக்கு முன்னால் அமர்ந்து பயணம் செய்தோம். அந்த மிராபெலில் 2004 ஒக்டோபருடன் வழமையான பயணிகள் சேவை நின்றுவிட்டது. கட்டடத்தையே இடித்துவிட்டார்கள்.

நாம் பணக்காரராகிவிட்டோம் என்று எவரும் எண்ண வேண்டாம். எமது மகள் பல வருடங்களாக அரிசி, பருப்பு, பெற்றோல் எல்லாவற்றையும் கடன் அட்டையிலேயே வாங்கிப் புள்ளி சேர்த்து வைத்திருந்தாள். "அப்பாவின் முழங்காலுக்கு இதுதான் சரி" என்று லண்டன் வரைக்கும் பிஸ்னஸ் வகுப்பில் இரண்டு ஆசனங்கள் எடுத்துத் தந்தாள். ஆனால் எம்மைப் புறப்பட வைத்தது அந்த ஆசனங்கள் அல்ல. சென்னையிலிருந்து பலாலிக்கு விமானம் விடுகிறார்கள் என்ற செய்திதான்.

பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியர் அமைத்தது. 1947 டிசம்பர் 10 இல் எயார் சிலோனின் முதலாவது விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. சென்னைக்குப் போய்ச் சேலை வாங்கி, படம் பார்த்து, கோயில் கும்பிட்டுத் திரும்பி வந்த கதைகளை எமது பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1978 உடன் அது நின்றது. 1990 இல் வலிகாமம் வடக்குச் சனம் எல்லாவற்றையும் விட்டு இடம்பெயர்ந்தது. பலாலி உயர் பாதுகாப்பு வலயமானது. 1998 செப்டெம்பர் 29 இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் கடலில் வீழ்ந்து, அதில் இருந்த 55 பேரும் மாண்டார்கள். 2019 ஒக்டோபர் 17 இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவும் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவும் அதைச் சர்வதேச விமான நிலையமாகத் திறந்து வைத்தார்கள். நவம்பர் 11 இல் அலையன்ஸ் எயார் பயணிகள் சேவையைத் தொடங்கியது. அந்த வாரத்திலேயே போய்விட வேண்டும் என்று எமக்கு ஒரு பிடிவாதம்.

புறப்படுவதற்கு முதல்நாள் மாலை, ஷேர்புரூக் வீதியில் எமது கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் தம்பி ஒருவர் கையில் ஒரு சிறிய பொதியுடன் வந்தார். 2014 இல் வந்தவர். அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டு, நிரந்தர வதிவிட உரிமையும் கிடைத்துவிட்டது. தாயார் தெல்லிப்பழையில் தனிய இருக்கிறார். "அண்ணை, சென்னையிலை இருந்து பலாலிக்கு ரிக்கற் எவ்வளவு வருது?" என்று கேட்டார். விலையைச் சொன்னோம். "அவ்வளவுதானோ" என்று சிரித்தார். காசு அவரிடம் இருந்தது. போகத்தான் முடியாது.

புதிதாக வந்திருக்கும் உறவுகள் இந்த இடத்தைச் சற்று நின்று வாசிக்கவும். அகதியாக ஏற்கப்பட்டவருக்குக் கனடா தரும் பயணப் பத்திரம் அவர் விட்டு வந்த நாட்டுக்குச் செல்லுபடியாகாது. அதற்காக இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பித்தாலோ, அதை வைத்துப் பயணம் செய்தாலோ, "உமக்கு அங்கே பயமில்லை, எமது பாதுகாப்பு இனித் தேவையில்லை" என்று அரசு வழக்குத் தொடர இடமுண்டு. முன்பெல்லாம் அகதி அந்தஸ்து போனாலும் வதிவிட உரிமை மிஞ்சும். 2012 டிசம்பர் 15 இல் நடைமுறைக்கு வந்த சட்ட மாற்றத்தின் பின் இரண்டும் சேர்ந்தே போகலாம். கலியாணம், செத்தவீடு, அம்மாவுக்குச் சுகமில்லை என்ற காரணங்களை விசாரிப்பவர் கேட்பார். ஆனால் அவை தாமாக எவரையும் காப்பாற்றா. கனடியப் பிரஜாவுரிமை எடுத்தவரை இந்த விதி தொடாது. அதற்கு ஐந்து வருடத்தில் 1,095 நாட்கள் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். "எத்தனையோ பேர் போய் வருகினம்" என்று கடையில் கதைப்பவரை நம்பாமல், சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

தம்பியின் பொதியை வாங்கிக்கொண்டோம். தாயாருக்கு ஒரு கம்பளிச் சட்டை, மூட்டு வலிக்குப் பூசும் தைலம், பேரனின் படங்கள்.

நோத்ர-டாம்-த-கிரேஸில் இருந்து 20 ஆம் நெடுஞ்சாலையால் விமான நிலையத்துக்குக் காரில் கால் மணித்தியாலத்துக்குச் சற்று அதிகம். பழைய ஆட்கள் இன்னும் அதை டோர்வல் என்றே சொல்வோம். பிஸ்னஸ் வகுப்புக்காரருக்குத் தனி வரிசை. அதில் நின்றபோது, யாராவது வந்து "அங்கே போங்கள்" என்று சொல்லப் போகிறார்கள் என்று காத்திருந்தோம். ஒருவரும் சொல்லவில்லை. ஓய்வு மண்டபத்தில் சூப்பும் பாணும் பழமும் வேண்டியமட்டும் எடுக்கலாம். எமது இல்லத்தரசியார் ஒரு வாழைப்பழத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டார், பழக்கம்.

விமானத்தில் எம்மைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். சூடான சிறு துவாய் தந்தார்கள். கை துடைப்பதற்காம், நாம் முகம், கழுத்து எல்லாம் துடைத்தோம். பொத்தானை அழுத்தினால் கதிரை கட்டிலாகிறது. கால் நீட்டிப் படுக்கலாம். ஆசிய மரக்கறிச் சாப்பாடு என்று ஒரு நாளாவது முன்பே சொல்லி வைத்தால் சோறும் கறியும் பீங்கான் தட்டில் வரும். சொல்லி வைக்காதவருக்கு அன்றைய பட்டியலில் மிஞ்சியதுதான். முழங்காலுக்கு அது பெரிய நிம்மதி, மறுக்கவில்லை. ஆனால் நித்திரை வரவில்லை. இரவில் ஒருமுறை எழுந்து திரையை விலக்கிப் பின்பக்கம் பார்த்தோம். இருட்டில் தலைகள் சாய்ந்து கிடந்தன. ஒரு தாய் குழந்தையைத் தோளில் போட்டு நடந்துகொண்டிருந்தாள். எமது 1987 அங்கேதான் இருந்தது.

லண்டனிலிருந்து சென்னைக்குச் சாதாரண வகுப்பு. சென்னையில் வெளியே வந்து பொதிகளை எடுத்து, மறுபடி பதிய வேண்டும். அதற்கு இந்திய விசா முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும்.

பலாலி விமானம் ஏரிஆர் 72 என்னும் சுழல்விசிறி விமானம். ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் இரண்டு என்று ஆசனங்கள். முதல் வகுப்பும் இல்லை, பிஸ்னஸ் வகுப்பும் இல்லை, திரையும் இல்லை. சிறிய விமானம் என்பதால் பொதி நிறையும் குறைவு. மொன்றியலில் ஏற்றிய எல்லாவற்றையும் அதில் ஏற்ற முடியாது. பாதி ஆசனங்கள் வெறுமையாகவே கிடந்தன. எமக்குக் கிடைத்தது மறுபடியும் கடைசி வரிசை! இல்லத்தரசியார் எம்மை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் அந்த விமானத்தில் பயணிகளின் வாசல் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. பொதிகளே முன்னால் போகின்றன. கடைசி வரிசைக்காரரே முதலில் இறங்குவார்.

ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடிய பறப்பு. கடல் முடிந்து, பனைகளும் செம்மண்ணும் தெரிந்தபோது எவரும் பேசவில்லை. கட்டுநாயக்காவில் இறங்கியிருந்தால் இன்னும் ஏழெட்டு மணித்தியாலம் வானில் குலுங்கியிருப்போம். நிலையத்தின் பெயர்ப்பலகையில் தமிழ் முதலாவதாக இருந்தது. அந்த ஓடுபாதையைச் சுற்றிய காணிகளின் சொந்தக்காரர் பலர் இன்னும் தமது வளவுக்குத் திரும்பாதவர்கள் என்பதும் அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது.

தம்பியின் தாயார் ஓட்டோ பிடித்து வந்து வெளியே காத்திருந்தார். பொதியைக் கொடுத்தோம். பிரிக்கவில்லை. "மகன் மெலிஞ்சிட்டானோ?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றோம். மூன்று கிழமை கழித்து நாம் திரும்பும்போது, பனங்கட்டியும் ஒடியல் மாவும் கட்டித் தந்தார். மொன்றியல் சுங்கத்தில் உணவுப் பொருள் இருப்பதைப் படிவத்தில் ஒளிக்காமல் சொன்னோம். பார்த்துவிட்டு விட்டார்கள்.

2020 மார்ச்சில் கொரோனாவால் அந்தச் சேவை நின்றது. 2022 டிசம்பர் 12 இல் மீண்டும் தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இண்டிகோ நிறுவனமும் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது. 2025 இல் திருச்சியிலிருந்தும். தம்பி இடையில் பிரெஞ்சு படித்து, பரீட்சை எழுதி, பிரஜாவுரிமைச் சத்தியமும் எடுத்துவிட்டார். 2023 தை மாதம் கனடியக் கடவுச்சீட்டுடன் போனார். முதல்நாள் மாலை வந்து, எந்த ஆசனம் கேட்பது என்று எம்மிடம் விசாரித்தார். கடைசி வரிசை கேளும் என்றோம்.