நின்ற இடத்திலேயே கேட்போம்



ஓடிக்கொண்டிருக்கும் கார் நடுவழியில் நின்றுவிட்டால் அது ஒரு தொல்லை. நின்ற கார், அரைமணி நேரம் கழித்து ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் ஓடத் தொடங்கினால், அது அதனினும் பெரிய தொல்லை. முதலாவதில் குறை கண்முன்னே நிற்கிறது, இரண்டாவதில் ஒளிந்துகொள்கிறது. குறை ஒளிந்துகொள்ளும்போது, அதைச் சொன்ன மனிதரின் வார்த்தையும் மதிப்பிழந்துவிடுகிறது. அப்படிப்பட்ட ஒரு வண்டியையும் அதன் உரிமையாளரையும் குறித்து இவ்வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

ஜெர்மனியின் தென்மேற்கில், நெக்கார் ஆற்றங்கரையிலுள்ள ஹைல்பிரான் நகருக்கு அருகே நான் வாழ்ந்த நாட்களில், எங்கள் தெருவில் 78 வயதுடைய பெரியவர் ஒருவர் இருந்தார். 1980களின் நடுவில் அவர் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று அவரிடம் இருந்தது. மனைவியோடு ஆல்ப்ஸ் மலைப்பாதைகளையெல்லாம் கடந்த வண்டி அது. மனைவி மறைந்தபின் ஞாயிறுதோறும் கல்லறைத் தோட்டத்துக்கு அதிலேயே சென்றுவந்தார். ஒரு கோடையில் அந்த வண்டி ஓட்டத்திலேயே அணையத் தொடங்கியது. எவ்வளவு முயன்றாலும் மீண்டும் கிளம்பாது. இழுவை வண்டி வந்து சேரும்போதோ, முதல் திருப்பிலேயே கிளம்பிவிடும். பழுதுபார்க்கும் கூடத்தில் நாள் முழுவதும் குறையின்றி ஓடும். அங்கே பேட்டரியை மாற்றினார்கள், பிளக்குகளை மாற்றினார்கள், பெட்ரோல் பம்பையும் மாற்றினார்கள். பல நூறு யூரோ செலவான பின்னரும், அடுத்த வெயில் நாளில் வண்டி நின்றது.

ஒருமுறை நெடுஞ்சாலையில், மகள் அருகில் அமர்ந்திருக்கும்போதே அது நடந்தது. என்ஜின் அணைந்தால் ஸ்டீயரிங் கனத்துவிடும். பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிடமோ இரண்டொரு மிதிப்புக்குத்தான் மிஞ்சும். பெரியவர் எப்படியோ வண்டியை ஓரங்கட்டிவிட்டார். மகள் நடுங்கிப்போனாள். கூடத்தினர் வண்டியில் குறையில்லை என்று சொன்னதால், குறை தந்தையிடம்தான் என்று அவள் முடிவுசெய்தாள். வயதாகிவிட்டது, கையும் காலும் தடுமாறுகின்றன, ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பி ஒப்படைத்துவிடுங்கள் என்று வற்புறுத்தினாள். அன்பினால்தான் சொன்னாள். ஆயினும் அது அவரை நொறுக்கியது.

நான் இளமையில் வாகன மின்பணி பயின்றவன் என்பதை அறிந்து அவர் என்னிடம் வந்தார். வண்டியைத் தொடுவதற்கு முன் ஒரேயொரு கேள்வி கேட்டேன்: "நிற்கும் அந்த நொடியில் எதைக் காண்கிறீர்கள்?" அவர் தயங்காமல் சொன்னார்: "இருமுவதில்லை, திணறுவதில்லை. விளக்கை அணைப்பதுபோல் அணைகிறது. வண்டி இன்னும் உருண்டுகொண்டிருக்கும்போதே என்ஜின் சுழற்சியைக் காட்டும் முள் சட்டென்று பூச்சியத்தில் விழுந்துவிடுகிறது. கூடத்திலும் இதைச் சொன்னேன். எவரும் குறித்துக்கொள்ளவில்லை."

அந்தச் சாட்சியில் பாதி விடை அடங்கியிருந்தது. கியர் பொருந்தியிருக்கும்வரை சக்கரங்களே என்ஜினைச் சுழற்றிக்கொண்டிருக்கும். பெட்ரோல் மட்டும் தீர்ந்திருந்தால் வண்டி திணறித் திணறி நிற்கும். அந்த முள்ளும் வேகத்தோடு மெல்ல இறங்கும். சுழலும் என்ஜினின் மீது முள் திடீரென்று செத்து விழுந்தால், அறுந்தது மின்சாரம் என்று கொள்ளலாம்.

அந்த நிலப்பகுதிக்கு இதில் ஒரு பழைய பாடமும் உண்டு. 1888 ஆகஸ்டில் பெர்தா பென்ஸ் அம்மையார், கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மூன்று சக்கர மோட்டார் வண்டியில், தம் இரு மகன்களோடு மன்ஹைமிலிருந்து தாய்வீடு இருந்த போர்ட்ஸ்ஹைமுக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலாகப் பயணம் செய்தார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பி ஊசியால் குத்தி அடைப்பை நீக்கினார். தீப்பொறிக்கான கம்பியின் உறை தேய்ந்தது. காலுறைப் பட்டியை அதற்கு உறையாக்கினார். எரிபொருள் வருகிறதா, தீப்பொறி பிறக்கிறதா என்னும் அவ்விரு கேள்விகளே இன்றும் நின்றுபோன பெட்ரோல் காரிடம் முதலில் கேட்கவேண்டியவை. அம்மையார் அவற்றை வண்டி நின்ற சாலையிலேயே, நின்ற வேளையிலேயே கேட்டார்.

நாங்களும் அப்படியே செய்யத் தீர்மானித்தோம். வெயில் கொளுத்திய ஒரு பிற்பகலில், வாகனங்கள் குறைந்த திராட்சைத் தோட்டச் சாலை ஒன்றைத் தேர்ந்துகொண்டோம். மகளையும் அவளுடைய காரில் பின்தொடரச் சொன்னேன். வண்டியை நான் ஓட்டினேன். பெரியவர் அருகில் அமர்ந்தார். ஒரு மணி நேரம் கழித்து, அவர் சொன்னபடியே முள் விழுந்தது, வண்டி அணைந்தது. கை மாறியும் குறை மாறவில்லை. அந்த நொடியிலேயே ஒரு கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

குறை எங்களோடு அரைமணி நேரம்தான் தங்கும் என்பதால், சோதனைகளை முன்கூட்டியே வரிசையாக எழுதி வைத்திருந்தேன். பெரியவர் சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் என்ஜினை வலுவாகச் சுழற்றியது. ஆகவே பேட்டரியும் ஸ்டார்ட்டரும் குற்றமற்றவை. அடுத்தது டைமிங் பெல்ட். அவ்வகை என்ஜினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன்கள் வால்வுகளில் மோதிவிடும்; அந்நிலையில் மேலும் மேலும் சாவியைத் திருப்புவது சேதத்தைப் பெருக்கும். டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ரோட்டர் சுழன்றது. பெல்ட் நலமாக இருந்தது. மூடியை மீண்டும் பொருத்தித் தீப்பொறியைச் சோதித்தேன், இல்லை. எரிபொருள் குழாயில் அழுத்தமானியை இணைத்தேன். அதன் முள் அசையவில்லை.

இரண்டும் ஒரே நொடியில் தனித்தனியே கெட்டுப்போவது அரிது. இரண்டுக்கும் உயிர்கொடுக்கும் ஒன்று கெட்டிருக்கவேண்டும். பாஷ் நிறுவனத்தின் மோட்ரானிக் அமைப்பு 1979-இல் அறிமுகமானபோது, பெட்ரோல் தெளிப்பையும் தீப்பொறியின் நேரத்தையும் ஒரே மின்னணுப் பெட்டியின் ஆளுகைக்குள் கொண்டுவந்தது. பெரியவரின் வண்டியும் அவ்வகையைச் சேர்ந்ததே. அந்தப் பெட்டிக்கும் பெட்ரோல் பம்புக்கும் மின்சாரத்தைப் பகிர்ந்தளிப்பது, டாஷ்போர்டின் அடியிலிருந்த ஒரு சிறிய ரிலே. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. மின்சாரம் அதன் வாசல்வரை வந்தது, வெளியே செல்லவில்லை. ரிலேயைக் கழற்றி, சோதனைக்கென அவ்விடத்தைக் கம்பியால் இணைத்தேன். பம்பு ரீங்கரித்தது. பெரியவர் சாவியைத் திருப்பினார்; என்ஜின் உயிர்பெற்றது.

அந்த இணைப்போடு நாங்கள் வீடு திரும்பவில்லை. அப்படி ஓட்டினால், விபத்து நேர்ந்து என்ஜின் நின்றாலும் பம்பு பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். இழுவை வண்டியில்தான் வீடு சேர்ந்தோம். அன்று மாலை ரிலேயின் மூடியைத் திறந்து உருப்பெருக்கியால் பார்த்தோம். ஈயப்பற்று வைத்த ஓரிடத்தில், முடியினும் மெல்லிய விரிசல் ஒன்று வளையமாக ஓடியது. பல ஆண்டுகள் சூடேறியும் குளிர்ந்தும் உண்டான விரிசல். வெப்பத்தில் விலகும், குளிர்ந்தால் ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த கூடத்தில் அது ஏன் நல்லவன்போல் நடந்துகொண்டது என்பது விளங்கிற்று. மகள் உருப்பெருக்கியை நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பின்பு, "அப்பா, நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது" என்றாள். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

புதிய ரிலே பொருத்தியபின், அதே வெயிலில், அதே சாலையில் மூன்று நாட்கள் ஓட்டிப் பார்த்தோம். நிற்கவில்லை. குறை தோன்றிய அதே சூழலில் ஓடிக் காட்டினால்தானே அதைத் திருத்தம் என்று சொல்லமுடியும்?

அன்பானவர்களே, நம் வீடுகளிலும் இத்தகைய விரிசல்கள் உண்டு. பள்ளிக்குச் செல்லும் காலையில் மட்டும் வயிறு வலிக்கும் பிள்ளை, விடுமுறை நாளில் துள்ளி விளையாடுகிறது. இரவெல்லாம் கலங்கிய தாய், விருந்தினர் முன் சிரித்துப் பேசுகிறாள். மருத்துவரைக் கண்டதும் முதியவரின் தலைச்சுற்றல் நின்றுவிடுகிறது. "இப்போது நன்றாகத்தானே இருக்கிறாய்" என்று எத்தனை எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! ஆறிய வேளையில் வந்து பார்த்துவிட்டு, குறை இல்லை என்கிறோம். குறை இல்லையென்றால் சொன்னவர்மேல் ஐயப்படுகிறோம். அல்லது கேட்காமலேயே பேட்டரியையும் பம்பையும் மாற்றுவதுபோல், அறிவுரைமேல் அறிவுரையாக அடுக்குகிறோம்.

நிற்கிறது என்று ஒருவர் சொன்னால், நிற்கிறது என்றே தொடங்குவோம். எந்த வேளையில், எந்த வெப்பத்தில், அந்த நொடியில் என்ன காண்கிறீர்கள் என்று கேட்போம். அவர் சொல்வதைக் குறித்துக்கொள்வோம். இவ்வாரம் உங்களுக்குத் தெரிந்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். நம்பப்படாமல் சலித்துப்போன ஒருவரை. அவருக்குக் கடினமான வேளை எதுவென்று கேட்டறிந்து, அந்த வேளையில் அவர் அருகில் இருப்போமாக.