பல்லாவரத்து ஸ்டிக்

கிழக்குத் தாம்பரம்
3.12.2025

என் தங்கப் பேத்திக்கு,

தாத்தா எழுதுகிறேன். இங்கே மழை விட்டபாடில்லை. பாட்டி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். உனக்குத் தமிழ் பேச வரும், படிக்கத்தான் திணறுவாய். அப்பா படித்துக் காட்டட்டும். ஒரு வரி விடாமல் படிக்கச் சொல்.

ஆஸ்திரேலியா ஜூனியர் ஹாக்கி முகாமுக்கு உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அப்பா சொன்னபோது, தெருவில் இறங்கி எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகுதான் மற்றதையும் சொன்னான். குடும்ப வாட்ஸ்அப்பில் உன் பெரிய மாமா, "நம்ம வீட்டுப் பொண்ணு நம்ம நாட்டுக்கு எதிராவே ஸ்டிக் தூக்குமா?" என்று எழுதினாராம். அதைப் படித்துவிட்டு இரண்டு நாளாக நீ பயிற்சிக்கே போகவில்லையாம். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் என்னோடு நடக்க வருகிறவர்களிடம் இதைச் சொன்னேன். அவர்களிலும் பாதிப் பேர் மாமா கட்சிதான். இதே ஆட்கள் பத்து நாளைக்கு முன்னால் என்ன பேசினார்கள் தெரியுமா? குவஹாத்தி கிரிக்கெட் டெஸ்டில் தென்னாப்பிரிக்காவின் செனுரன் முத்துசாமி நம் பந்துவீச்சை அடித்து 109 எடுத்தார். டர்பனில் பிறந்தவர், முன்னோர் நாகப்பட்டினம். "எங்க போனாலும் நம்ம பையன் நம்ம பையன்தான்" என்று ஒருவர் முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார். நாசர் உசேனையும் அப்படித்தான் கொண்டாடுவோம். 1968-ல் சென்னையில் பிறந்து, 1999-ல் இங்கிலாந்து கேப்டன் ஆனவர். அவருடைய அப்பா மதராசுக்காக ரஞ்சி ஆடியவர். ஜெயித்துப் பெயர் வாங்கியவர்களை உறவு கொண்டாட நமக்கு ஒரு தயக்கமும் இல்லை. இன்னும் ஒன்றும் ஆகாமல், பதினேழு வயதில் எந்தப் பக்கம் என்று தவிக்கும் பிள்ளையிடம் மட்டும் விசுவாசத்தைக் கேட்கிறோம். இது நியாயமில்லை, கண்ணு.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உன் அம்மாவின் அப்பா, நீ கிராண்ட்பா என்று கூப்பிடுவாயே, அவன் பல்லாவரத்துக்காரன். ஆங்கிலோ இந்தியக் குடும்பம். ரயில்வேயில் கார்டு வேலை. நானும் அவனும் தாம்பரம் மைதானத்தில் ஒரே அணியில் ஆடினோம். அவன் ரைட் ஹாஃப், நான் ரைட் அவுட். அவன் தள்ளிவிடும் பந்துக்காகவே ஓடிய கால் இது.

1968 அக்டோபர். மெக்சிகோ ஒலிம்பிக் அரையிறுதியில் இந்தியா ஆஸ்திரேலியாவிடம் 2-1 என்று தோற்றது. 1928-லிருந்து எந்த ஒலிம்பிக் ஹாக்கியிலும் நாம் முதல் இரண்டு இடங்களுக்குள் வராமல் இருந்ததில்லை. அன்றுதான் முதல் முறை. ஊரே எழவு வீடு மாதிரி இருந்தது. அந்த ஆஸ்திரேலிய அணியில் எரிக், கார்டன், ஜூலியன் என்று மூன்று பியர்ஸ் சகோதரர்கள். ஜபல்பூரில் பிறந்த ஆங்கிலோ இந்தியர்கள். சுதந்திரத்தை ஒட்டி அவர்கள் குடும்பம் பெர்த்துக்குப் போய்விட்டது. அண்ணன் தம்பி ஐந்து பேரும் ஆஸ்திரேலியாவுக்கு ஆடியவர்கள். பின்னாளில் எரிக்கின் மகள் காலீன் 1984 ஒலிம்பிக்கில் ஆடினாள். உங்கள் ஊர்க்காரர்கள்தான், விசாரித்துப் பார்.

செய்தி வந்த காலையில் நாங்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உன் கிராண்ட்பா இரவெல்லாம் தூங்காத கண்ணோடு இருந்தான். நம் அணியில் மதராஸ்காரர் வி.ஜே. பீட்டர் இருந்தார், அவர் என்றால் இவனுக்கு உயிர். அப்போது ஒருவர் அவன் தோளைத் தட்டி, "உங்க ஆளுங்க ஜெயிச்சுட்டாங்க, உனக்கு ஜாலிதான்" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த டீயில் ஆடை கட்டிவிட்டது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குடிக்காமலே காசை வைத்துவிட்டு எழுந்து போனான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் வாயைத் திறக்கவில்லை.

மூன்று வருஷம் கழித்து அவர்கள் பெர்த்துக்குப் புறப்பட்டார்கள். போவதற்கு முதல் நாள் தன் ஸ்டிக்கைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். உன் அப்பா அங்கே படிக்கப் போனபோது தன் வீட்டிலேயே தங்கவைத்ததும், பெண்ணைக் கொடுத்ததும் அவன்தான். அந்தக் காலையைப் பற்றி மட்டும் நாங்கள் கடைசிவரை பேசவில்லை. அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான். அவனுக்காக அன்று பேசியிருக்க வேண்டியதை உனக்காக இன்று பேசுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று மாமாவுக்குத் தெரியாது. உன்னிடம் இருக்கும் ஓ.சி.ஐ. அட்டையை வைத்து இங்கே வந்து போகலாம், தங்கலாம், படிக்கலாம். இந்தியாவுக்காக ஆட முடியாது. டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜின் மகன் பிரகாஷ் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். அப்பா நாட்டுக்காக ஆட ஆசைப்பட்டு வந்து டேவிஸ் கோப்பை ஆடினார். 2008 டிசம்பரில், இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள்தான் நாட்டுக்கு ஆடலாம் என்று மத்திய அரசு முடிவெடுத்தது. நம்மைத் தேடி வந்தவருக்கே கதவு அடைபட்டது. இரட்டைக் குடியுரிமையும் நம் நாட்டில் கிடையாது. ஒன்று வேண்டுமென்றால் மற்றதை விட்டே ஆகவேண்டும். கதவைச் சாத்தி வைத்துவிட்டு, பிள்ளை ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்டால் அது என்ன பேச்சு?

விட்டுவிட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். உங்கள் பெர்த்தில் பிறந்த ரயன் வில்லியம்ஸ் ஆஸ்திரேலியாவுக்கே கால்பந்து ஆடியவர். தாய்வழித் தாத்தா 1950-களில் பம்பாய்க்காக சந்தோஷ் டிராபி ஆடியவர். இரண்டு வருஷத்துக்கு மேல் பெங்களூருவில் ஆடி, இங்கேயே வாழ்ந்து பார்த்துவிட்டு, போன மாதம் அந்தக் குடியுரிமையை விட்டு இந்தியர் ஆனார். நம் கால்பந்து வீரர் சுனில் சேத்ரி கையால் கடவுச்சீட்டை வாங்கிய படத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. ஆனால் அவருக்கு வயது 32. யாரும் திட்டியதால் அவர் வரவில்லை. அவருக்கே தோன்றியது, வந்தார். நாளைக்கு உனக்கும் அப்படித் தோன்றினால் தாம்பரம் ஸ்டேஷனில் மாலையோடு நிற்பேன். தோன்றாவிட்டாலும் நீ என் பேத்திதான்.

எனக்கு ஆசையே இல்லை என்று சொன்னால் அது பொய். எழும்பூர் மைதானத்தில் இப்போது ஜூனியர் ஆண்கள் உலகக் கோப்பை நடக்கிறது. டிவியில் அந்த நீலச் சட்டையைப் பார்க்கும்போதெல்லாம் உன் முகம் வருகிறது. அது என் ஆசை. அதை நீ சுமக்க வேண்டாம். உனக்கு ஸ்டிக் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது அந்த ஊர். விடிகாலையில் உன்னை மைதானத்துக்குக் கூட்டிப்போனது உன் அம்மா. முகாமுக்குப் போ. மஞ்சள் சட்டை போட்டு நீ இந்தியாவுக்கு எதிராகவே ஆடினாலும் பாட்டியும் நானும் உட்கார்ந்து பார்ப்போம். நீ கோல் போட்டால் கைதட்டுவேன்.

மாமாவோடு போனில் பேசிவிட்டேன். முதலில் கோபப்பட்டார். பல்லாவரத்துக் கதையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. உன்னைக் கூப்பிடுவார். வந்தால் எடுத்துப் பேசு.

கிராண்ட்பாவின் ஸ்டிக்கை நேற்றுப் பரணிலிருந்து இறக்கித் துடைத்தேன். அடிப்பாகம் மல்பெரி மரம், பிடி பிரம்பு. மரத்தில் ஒரு விரிசல் இல்லை. பிடியில் சுற்றிய துணி மட்டும் நைந்து நூலாகத் தொங்குகிறது. அது அவன் கையால் சுற்றியது, நான் தொடவில்லை. லீவுக்கு வரும்போது நீயே வந்து பார். மாற்றலாமா வேண்டாமா என்று நீ சொல்.

நாளைக் காலை பயிற்சிக்குப் போனாயா என்று அப்பாவைக் கேட்பேன்.

அன்புடன்,
தாம்பரம் தாத்தா