பொய்க்காரி

மூன்றரை வயதுக் குழந்தையைப் பொய்க்காரி ஆக்கினேன். அறியாமை என்று தப்பிக்க முடியாது. இந்த வயதுப் பிள்ளைகளின் மனம் பற்றி மற்ற ஆசிரியைகளுக்கு வகுப்பெடுத்தவள் நான்.

பெற்றோர் பார்க்க வந்த நாள். சாக்பீஸ் டப்பாவைக் காட்டி, உள்ளே என்ன என்றேன். "சாக்பீஸ்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். திறந்தேன். புளியங்கொட்டை. மூடிவிட்டு அவளைக் கேட்டேன்.

"தெறக்கறதுக்கு முன்னாடி என்ன இருக்குன்னு நெனச்சே?"

"புளியங்கொட்டை, மிஸ்."

"சாக்பீஸ்னுதானே சொன்னே?"

"இல்ல மிஸ். புளியங்கொட்டைன்னுதான் சொன்னேன்."

பெற்றோர் சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரிப்பதாகப் பட்டது. "பொய் சொல்லாதே" என்று அவளை எழுப்பி நிற்க வைத்தேன். எதற்கு நிற்கிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

1987இல் யோசஃப் பெர்னரும் கூட்டாளிகளும் ஸ்மார்ட்டீஸ் மிட்டாய் டப்பாவில் பென்சிலை வைத்துச் செய்த சோதனை இது. மறு ஆண்டு அலிசன் காப்னிக்கும் ஜேனட் ஆஸ்டிங்டனும், பிள்ளை தானே முன்பு என்ன நினைத்தது என்று கேட்டார்கள். சற்றுமுன் மிட்டாய் என்ற மூன்று வயதுக்காரர்களில் பலர், பென்சில் என்றுதான் நினைத்தோம் என்றார்கள். நினைப்பு தப்பாகவும் இருக்கலாம் என்பது பெரும்பாலும் நாலு, ஐந்து வயதில்தான் பிடிபடுகிறது. (2005இல் பதினைந்து மாதக் குழந்தைகளின் பார்வையை அளந்து, அது முன்பே உண்டு என்றவர்களும் இருக்கிறார்கள். அந்த வழக்கு எப்படித் தீர்ந்தாலும் எனக்கு விடுதலை இல்லை.)

இவ்வளவும் தெரியும். என் வகுப்பு மட்டும் வயதை மீறிச் சொல்லும் என்று காட்ட ஆசைப்பட்டேன். வேறு டப்பாக்களை வைத்துப் பழக்கியும் இருந்தேன். அவள் என் மானத்தை வாங்கிவிட்டதாக நினைத்தேன்.

டஸ்டரைக் காதில் வைத்துப் பாட்டியோடு பேசுவாள் அவள். இல்லாத பாட்டியின் பதிலுக்காக நிறுத்தி நிறுத்திப் பேசுவாள். பிறர் மனதைப் புரிந்துகொள்ளும் திறனுக்கு இந்தப் பாவனை விளையாட்டே வாசல் என்று ஆலன் லெஸ்லி எழுதியதை, என் வகுப்புகளில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். "பொய்க்காரி, அது போன் இல்ல" என்றான் ஒரு பையன். சொல் என்னுடையது. டஸ்டரைக் கீழே வைத்தாள். அதன்பின் எதைக் கேட்டாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

அவள் அம்மா வந்து விசாரித்தார். "கொஞ்சம் பொய் சொல்ற பழக்கம் இருக்கு. வீட்ல கவனிங்க" என்றேன்.

"ரெண்டு போட்டுத் திருத்தறேன் மிஸ்" என்றார்.

அடிக்காதீர்கள் என்றுகூட நான் சொல்லவில்லை. சொன்னால், ஏன் என்று கேட்டிருப்பார்.