ஜே.சி. ரோட்டில் ஓர் 'இங்கிலீஷ்' மாளிகை... பெங்களூரு டவுன் ஹால் படிக்கட்டின் கதை!

குருபரப்பள்ளி பக்கம் லாரி, டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு பெங்களூரு ஜே.சி. ரோட்டை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உள்ளூரில் கிடைக்காத ஸ்பேர் பார்ட்ஸ் என்றால் சூளகிரி, ஓசூர், அத்திப்பள்ளி தாண்டி அங்கேதான் போயாக வேண்டும். கியர் பாக்ஸுக்கும் பேரிங்குக்கும் விலை பேசுகிற அவசரத்தில், அந்தச் சாலையின் முனையில் நிற்கும் வெள்ளைத் தூண் கட்டடத்தை யாரும் நின்று பார்ப்பதில்லை. பஸ் ஸ்டாப்புக்கு அடையாளமாக மட்டும் 'டவுன் ஹால்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

அதன் முழுப் பெயர் சர் புட்டண்ண செட்டி டவுன் ஹால். அகலமான படிக்கட்டு, வரிசையாக உயர்ந்த தூண்கள், அவற்றின் தலையில் முக்கோண முகப்பு. பார்த்தவுடன் 'வெள்ளைக்காரன் கட்டியது' என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால், விஷயம் அப்படியில்லை.

அப்போது பெங்களூரு ஒன்றல்ல, இரண்டு. கன்டோன்மென்ட் பகுதி ஆங்கிலேயர் நிர்வாகத்தில் இருந்தது. தமிழர்கள் ஏராளமாகக் குடியேறியதும் அங்கேதான். பழைய பேட்டை இருந்த நகரமோ மைசூர் மகாராஜாவின் கையில். டவுன் ஹால் எழுந்தது இந்த மைசூர் பக்கத்தில். 1933 மார்ச் 6-ம் தேதி மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அடிக்கல் நாட்டினார். அப்போது திவான், மிர்சா இஸ்மாயில். 1935 செப்டம்பரில் திறப்பு விழா. நகரசபையின் முன்னாள் தலைவரும் கொடையாளருமான புட்டண்ண செட்டியின் பெயரையே வைத்தார்கள். ஆக, உடை மட்டும்தான் ஐரோப்பாவுடையது, ஆள் உள்ளூர்!

இங்கிலாந்தின் சின்னச் சின்ன ஊர்களில் இருக்கும் பழைய டவுன் ஹால்கள் வேறு ரகம். கீழே தூண்களுக்கு நடுவே திறந்தவெளிச் சந்தை, மேலே ஊர் மன்றம். தானியம் விற்கிற சத்தத்துக்கு மேலேயே பஞ்சாயத்தும் நடக்கும். வின்சர் நகர மண்டபத்தில் நடுவில் நிற்கும் தூண்கள் மேல்தளத்தைத் தொடாமல் சும்மா நிற்பது ஒரு தனி வேடிக்கை. பெங்களூரு டவுன் ஹாலுக்குக் கீழே சந்தை கிடையாது. ஓசூர் ரோஜாவும் மற்ற பூக்களும் வந்து இறங்கும் கே.ஆர். மார்க்கெட் பக்கத்திலேயே இருக்கும்போது, அது எதற்கு?

உள்ளே 800 பேருக்கு மேல் அமரும் அரங்கம். நாடகம், கச்சேரி, பாராட்டு விழா என எதுவானாலும் வாடகை கட்டி நடத்தலாம். வாடகை கட்ட முடியாதவர்களுக்குக் கிடைத்தது வெளியே இருந்த படிக்கட்டு. தொழிற்சங்கங்கள், மாணவர்கள், விவசாயிகள், கன்னட அமைப்புகள் என்று அங்கே நின்று கோஷம் போடாதவர்கள் குறைவு. காவிரிப் பிரச்னை கொதித்த நாள்களில் டி.வி-யில் அடிக்கடி தெரிந்த தூண்களும் இவைதான். எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு, அந்தக் காட்சி வந்தாலே 'இன்றைக்கு பஸ் ஓடுமா?' என்ற கவலை வந்துவிடும்.

2019 டிசம்பரில் குடியுரிமைச் சட்டத்துக்கு எதிரான போராட்டத்துக்கு வந்த வரலாற்றாய்வாளர் ராமச்சந்திர குஹாவை, போலீஸார் இங்கிருந்துதான் இழுத்துச் சென்றார்கள். அடுத்த சில மாதங்களிலேயே, இனி டவுன் ஹால் முன்பு போராட்டமே கூடாது என மாநகராட்சி மன்றம் தீர்மானம் போட்டது. போராட்டங்களால் அரங்க வாடகை வருமானம் குறைகிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். மண்டபத்துக்கு வாடகை முக்கியம்தான். ஆனால், ஊர்க்காரர்கள் வாடகையில்லாமல் பேசிய ஒரே மேடை அதுவாகத்தானே இருந்தது?

2021-ல் வந்த போலீஸ் உத்தரவு, நகரத்தின் எல்லாப் போராட்டங்களையும் ஃப்ரீடம் பார்க்குக்கு அனுப்பிவிட்டது. அது முன்பு மத்திய சிறைச்சாலையாக இருந்த இடம் என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

அடுத்த முறை ஜே.சி. ரோட்டுக்குப் போகிறவர்கள், பில் போட்ட பிறகு ஒரு பத்து நிமிடம் ஒதுக்கலாம். ஏதாவது நிகழ்ச்சி நடக்கும் நாளாக இருந்தால் அரங்கத்தையும் உள்ளே போய்ப் பார்த்துவிடலாம். இல்லையென்றால் எதிர்ப்பக்கம் நின்று பார்ப்பதே நல்லது. தூண்களின் முழு உயரமும் அங்கிருந்துதான் பிடிபடும். சாலையைக் கடக்கும்போது மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. அந்தச் சந்திப்பில் டிராஃபிக் யாருக்காகவும் நிற்பதில்லை.