எல்லாம் பாஸ் சார்!

சென்னையில் ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க, 'பழைய நம்பர் 14, புதிய நம்பர் 31, பிள்ளையார் கோயிலுக்குப் பின்பக்கம், மாடி' என்று சொன்னால் போதும். ஆட்டோக்காரர் எப்படியாவது கொண்டு சேர்த்துவிடுவார். கம்ப்யூட்டருக்கு அந்த சாமர்த்தியம் கிடையாது. ஒரு ஸ்லாஷ் கூடினாலும் வேறு வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

எங்கள் ஆபீஸில் 'சி' மொழியில் ஒரு சின்ன ஃபங்ஷன். ஃபைலின் முழுப் பாதையைக் கொடுத்தால், அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று பிரித்துத் தரும். அடுத்து இன்னொரு ஃபங்ஷன் வந்து அந்த ஃபோல்டரில் இருக்கும் பழைய ஃபைல்களைப் பெருக்கித் தள்ளும். பெருக்குகிற ஆளுக்குத் தப்பான வீட்டைக் காட்டினால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். டெஸ்ட் எழுதும் வேலை புதிதாகச் சேர்ந்த தம்பியிடமும், அதைப் படித்துப் பார்த்து ஓ.கே. சொல்லும் வேலை என்னிடமும் வந்தது.

"40 டெஸ்ட் சார். எல்லாம் பாஸ்!" என்றான்.

இப்படி யாராவது சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும். படித்தேன். '/வீடு/ரவி/கடிதம்', '/வீடு/மணி/கடிதம்', '/வீடு/பாபு/கடிதம்'... பந்தியில் உட்கார்ந்த மாதிரி வரிசையாக நல்ல பிள்ளைகள். அதைவிட விசேஷம், சரியான விடை எது என்று தெரிந்துகொள்ள அதே ஃபங்ஷனையே இன்னொரு தரம் கூப்பிட்டிருந்தான். பரீட்சை எழுதிய பையனே பேப்பரும் திருத்துகிற ஏற்பாடு!

ஃபங்ஷனுக்குள் இருந்த வரிகளையெல்லாம் அழித்து, எதைக் கேட்டாலும் ஒரு புள்ளியை மட்டும் திருப்பித் தரும்படி மாற்றி, ஓட்டச் சொன்னேன். அப்போதும் நாற்பதும் பாஸ். தம்பியின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

விடைகளைக் கையால் எழுதிவைத்து, கொஞ்சம் கோணலாகக் கேட்க ஆரம்பித்தோம்.

"கடைசியில ஒரு ஸ்லாஷ் சேர்த்து '/வீடு/ரவி/'ன்னு கொடுத்தா?"

"யார் சார் அப்படிக் கொடுப்பாங்க?"

"கஸ்டமர்."

உள்ளே நாங்கள் நம்பியிருந்தது 'டைர்நேம்' என்கிற லைப்ரரி ஃபங்ஷனை. போசிக்ஸ் விதிப்படி அது கடைசி ஸ்லாஷைக் கண்டுகொள்ளாது. ரவியின் அறையைக் காட்டும் என்று பார்த்தால் '/வீடு' என்று மொத்த வீட்டையும் காட்டிவிடும். போதாததற்கு, நாம் கொடுத்த ஸ்ட்ரிங்கிலேயே கத்தி வைக்கவும் அதற்கு அனுமதி உண்டு. கூப்பிட்ட பிறகு பழைய பாதையில் பாதிதான் மிஞ்சியிருக்கலாம். இதன் கூடப்பிறந்த 'பேஸ்நேம்' இன்னும் மோசம். லினக்ஸில் அந்தப் பெயரில் இரண்டு ஆசாமிகள். அதே '/வீடு/ரவி/'க்கு ஒருவர் 'ரவி' என்பார், குனு ஆசாமி வெறுங்கையை விரிப்பார். எந்த ஹெடர் ஃபைலைச் சேர்த்தோமோ அதற்கேற்ற ஆள் வருவார்.

தமிழில் பெயர் வைத்தால் தனித் தமாஷ். லினக்ஸில் ஒரு ஃபைல் பெயருக்கு வழக்கமாக 255 பைட்தான் எல்லை. யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக்கு 3 பைட். கால், கொம்பு, புள்ளிக்கும் தனித்தனியாக 3. பக்தியோடு 'ஸ்ரீ' போட்டு ஆரம்பித்தாலே 12 பைட் காலி!

மறுநாள் தம்பி கொண்டுவந்தது 11 டெஸ்ட். நாலு ஃபெயில். அதில் ஒன்று, பாதையே கொடுக்காமல் காலியாக விடுவது. டைர்நேம் அதற்கு ஒரு புள்ளியைத் தரும். புள்ளி என்றால் 'இப்போது நிற்கிற ஃபோல்டர்'. கஸ்டமர் ஆபீஸில் எங்கள் புரோகிராம் நிற்கப்போகிற ஃபோல்டரில்தான் மூன்று வருஷத்து பில்கள் அத்தனையும் இருக்கின்றன.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சார், காலியா விடாம ஒரே ஒரு ஸ்பேஸ் மட்டும் தட்டிட்டா?" என்றான்.